மடையைத் திறப்பவரே விலையும் பேசலாமா?

மேஜர் லீக் பேஸ்பால் ஆணையர் ராப் மன்ஃப்ரெட் அவர்களுக்கும், 30 அணிகளின் உரிமையாளர்களுக்கும், மேசையின் எதிர்ப்பக்கம் உட்காரப்போகும் வீரர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

உரிமையாளர்களுக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையே உள்ள இப்போதைய கூட்டு ஒப்பந்தம் டிசம்பர் 1, 2026 அன்று முடிகிறது. போன தடவை உரிமையாளர்கள் 99 நாள் வீரர்களை வெளியே நிறுத்திக் கதவைப் பூட்டி வைத்திருந்தீர்கள். இந்தத் தடவை சம்பள உச்சவரம்பு வேண்டும், வேண்டாம் என்று இரண்டு பக்கமும் இப்போதே தொண்டையைச் செருமிக்கொண்டிருக்கிறீர்கள். அந்தக் கூச்சலில் வழக்கம்போல ஒரு சின்ன விஷயம் மேசைக்கு அடியில் போய்விடும் என்ற பயத்தில்தான் இந்த மடல்.

கேட்பது இவ்வளவுதான்: மைனர் லீக் என்ற கீழ்நிலைப் போட்டிகளில் ஆடும் ஒரு பையனை எப்போது மேஜர் லீகுக்கு மேலே கூப்பிடுவது என்ற முடிவையும், அவனிடம் பேசும் நீண்டகால ஒப்பந்தப் பேரத்தையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போடாதீர்கள்.

நான் சியாட்டில் பக்கம் பெல்வியூவில் இருப்பவன். மாரினர்ஸ் ரசிகன். 2001க்குப் பிறகு 2022 வரை பிளே ஆஃப் என்ற இறுதிச் சுற்றுகளின் வாசலைக்கூட மிதிக்காத அணியைக் கட்டிக்கொண்டு அழுதவன் என்பதால், பொறுமையில்லாதவன் என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது. ஆங்கிலத்தில் எழுதினால் உங்கள் அலுவலகம் அச்சடித்த நன்றிக் கடிதம் ஒன்றை அனுப்பிவிட்டு மறந்துவிடும். தமிழில் எழுதினால், மைதானத்தில் பக்கத்து இருக்கையில் பாப்கார்னோடு உட்காரும் நம்மூர்க்காரர்களாவது விஷயத்தைத் தெரிந்துகொள்வார்கள்.

2021 பிப்ரவரியில் நடந்தது உங்களுக்கு நன்றாகவே நினைவிருக்கும். மாரினர்ஸ் அணியின் தலைவராக இருந்த கெவின் மேதர், எங்கள் பெல்வியூ ரோட்டரி சங்கத்தாரிடம் இணையவழியில் பேசினார். மனிதர் ரொம்ப வெளிப்படை. மைனர் லீகில் இருந்த இளம் ஆட்டக்காரர் ஜாரெட் கெலெனிக்குக்கு நீண்டகால ஒப்பந்தம் கொடுத்தோம், உதறிவிட்டார் என்றார். இளம் பிட்சர் லோகன் கில்பர்ட்டை ஏப்ரல் முதல் தேதி பார்க்க முடியாது, கொஞ்சம் தள்ளிக் கொண்டுவந்தால் இன்னும் ஓர் ஆண்டு நம் கட்டுப்பாட்டில் இருப்பார் என்றார். போகிற போக்கில் இன்னோர் இளம் ஆட்டக்காரரான ஜூலியோ ரோட்ரிகஸின் இங்கிலீஷ் அவ்வளவாகச் சரியில்லை என்றும் சொன்னார். வீடியோ பரவியது, அவர் பதவி விலகினார். அடுத்த ஆண்டே அதே ஜூலியோவுக்கு அணி குறைந்தபட்சம் 20 கோடி டாலர் உறுதி சொல்லி ஒப்பந்தம் போட்டது. அதில் இங்கிலீஷ் ஒரு தடையாக இருந்ததாகத் தெரியவில்லை.

மேதர் போனதும் எல்லாரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டீர்கள். ஆனால் அதற்குப் பிறகு கெலெனிக்கின் முகவர் சொன்னதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் 2020லேயே மேஜர் லீகில் ஆடியிருக்கலாம் என்று கெலெனிக்கிடம் சொல்லப்பட்டதாம். அணித் தரப்பு, அவர் இன்னும் தயாராகவில்லை, அதுதான் காரணம் என்றது. அதிலும் நியாயம் உண்டு. மைனர் லீகில் மேலிருந்து இரண்டாவது படியான டபுள் ஏயில் அவர் ஆடியிருந்தது 21 ஆட்டங்கள்தான். கடைசியில் 2021 மே 13 அன்று மேலே வந்தார், அந்த ஆண்டு அவருடைய பேட்டிங் சராசரி வெறும் .181.

பார்த்தாயா, நாங்கள் சொன்னது சரிதானே என்பீர்கள். என் வாதமும் அதுதான். உண்மையிலேயே தயாராகாத ஒரு பையனிடம், கையெழுத்துப் போட்டால் வரலாம் என்று எப்படிச் சொல்ல முடியும்? பேனாவைத் திறந்தால் பந்தைக் கணிக்கும் கண் வந்துவிடுமா?

அதே அணியில், அதே சமயத்தில் நடந்த இன்னொன்றையும் பாருங்கள். 2019 நவம்பரில் ஃபர்ஸ்ட் பேஸ்காரர் எவன் ஒயிட் ஆறு ஆண்டுக்கு 2.4 கோடி டாலருக்குக் கையெழுத்துப் போட்டார். மேஜர் லீகுக்கு ஒரு படி கீழே இருக்கும் டிரிபிள் ஏயில் அவர் பேருக்குச் சில ஆட்டங்கள் ஆடியதோடு சரி. 2020 சீசன் தொடங்கியபோது நேராக மேஜர் லீகில் நின்றார். கல்லூரியில் ஆடி வந்தவர், கெலெனிக்கைவிட மூன்று வயது மூத்தவர், ஒப்புக்கொள்கிறேன். கையில் கிளவுஸ் இருந்தால் மந்திரவாதி, அந்த ஆண்டே ஃபீல்டிங்குக்கான கோல்ட் கிளவ் விருது வாங்கினார். ஆனால் மட்டையைப் பிடித்தால் 54 ஆட்டத்தில் .176. இன்னும் ஒரு வருடம் கீழே இருந்து வளைந்து வரும் பந்துகளைப் பார்த்துப் பழகியிருக்க வேண்டியவர் என்று பார்த்த எல்லாருக்கும் தெரிந்தது. பிறகு இடுப்புக் காயம், அறுவை சிகிச்சை. அந்த மட்டை எழவே இல்லை.

ஒருவர் கையெழுத்துப் போட்டார், தயாராவதற்கு முன்பே மேலே போனார். இன்னொருவர் போடவில்லை, கீழேயே இருந்தார். 2023 டிசம்பரில் இரண்டு பேரையும் ஒரே பரிமாற்றத்தில் அட்லாண்டாவுக்கு அனுப்பிவைத்தது மாரினர்ஸ். ஆட்டக்காரரை வளர்ப்பதற்கென்று பயிற்சியாளர், கேமரா, கணினி என்று இவ்வளவு செலவு செய்கிறீர்கள். அவர்கள் எல்லாரும் கொடுக்கும் அறிக்கையைவிட ஒப்பந்தத் தாளின் கடைசிப் பக்கம் அதிகம் பேசுகிறது என்றால், அந்தச் செலவு எதற்கு?

எங்கள் ஊரில் மாந்தோப்பைப் பூவிலேயே குத்தகை பேசுவார்கள். காற்றடித்துப் பூ உதிர்ந்தால் வியாபாரிக்கு நஷ்டம், நன்றாகக் காய்த்தால் லாபம். அதில் தப்பில்லை, இரண்டு பக்கமும் துணிந்து பேசுகிற விலை. ஆனால் தண்ணீர் மடையும் அந்த வியாபாரியின் கையிலேயே இருந்தால்? என் விலைக்கு ஒத்துக்கொள், தண்ணீர் விடுகிறேன் என்று சொன்னால் அதற்குப் பேர் குத்தகையா?

மடை எப்படி வேலை செய்கிறது என்பது உங்களுக்குப் பாடம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மேஜர் லீகில் 172 நாள் இருந்தால் ஒரு வருட சர்வீஸ். அப்படி ஆறு வருடம் சேர்ந்தால்தான் ஒருவர் ஃப்ரீ ஏஜென்ட் ஆகி யாரிடமும் விலை பேசலாம். சீசனே ஏறக்குறைய 187 நாள். ஆக, முதல் இரண்டு மூன்று வாரம் ஒரு பையனைக் கீழே வைத்தால் அவன் அணியின் கட்டுப்பாட்டில் இருக்க இன்னொரு முழு வருடம் இலவசம். 2015இல் சிகாகோ கப்ஸ் அணியின் கிரிஸ் பிரையன்ட், பயிற்சி ஆட்டங்களில் 9 ஹோம் ரன் அடித்துவிட்டு மைனர் லீகுக்குப் போனார். ஃபீல்டிங் மெருகேற வேண்டும் என்றார்கள். ஏப்ரல் 17ஆம் தேதி, மெருகு ஏறிவிட்டது போல, கூப்பிட்டுக்கொண்டார்கள். சீசன் முடிவில் அவர் கணக்கில் இருந்தது 171 நாள். ஒரே ஒரு நாள் குறைவு. ஆண்டின் சிறந்த புதுமுகம் என்ற விருதையும் வாங்கினார், அந்த ஒரு நாளுக்காக முறையீடும் செய்தார். தீர்ப்பு வந்தது 2020இல், அவருக்கு எதிராக. அதற்குள் மனிதர் எம்விபி, அதாவது லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் ஆகி, உலகத் தொடரையும் வென்று முடித்திருந்தார்.

இனி, இந்த மடையின் கீழே நிற்பவரைக் கொஞ்சம் பாருங்கள். டகோமாவில் செனி ஸ்டேடியம். எங்கள் அணியின் டிரிபிள் ஏ கிளை அங்கேதான் ஆடுகிறது. அங்கிருந்து சியாட்டில் மைதானம் ஐ-5 நெடுஞ்சாலையில், போக்குவரத்து கருணை வைத்தால், முக்கால் மணி நேரம். மேஜர் லீக் அணியின் 40 பேர் பட்டியலில் இடம் கிடைக்காத ஒருவருக்கு டிரிபிள் ஏயில் மைனர் லீக் ஆட்டக்காரர்களுக்கான 2023 ஒப்பந்தம் வகுத்த ஆண்டுச் சம்பளம் 35,800 டாலர். அதற்கு முன் 17,500. அந்த முக்கால் மணி நேரத்தைத் தாண்டினால் 2026இல் குறைந்தபட்சச் சம்பளமே 7,80,000 டாலர். நாளொன்றுக்கு நான்காயிரத்துக்கு மேல். அப்படி நிற்கும் 20, 21 வயதுப் பையன் முன்னால் எட்டு வருட ஒப்பந்தத்தை நீட்டி, போட்டால் நாளைக்கே ஐ-5 ஏறலாம் என்று ஜாடை காட்டினால், அவன் என்ன செய்வான்? பிட்சராக இருந்தால் முழங்கையை நினைத்துப் பார்ப்பான். முழங்கைத் தசைநாரைச் சரிசெய்யும் டாமி ஜான் அறுவை சிகிச்சைக்குப் போன நண்பன் ஒருவனாவது அதே உடைமாற்றும் அறையில் இருப்பான். டொமினிகனிலிருந்தோ வெனிசுவேலாவிலிருந்தோ வந்தவன் என்றால் வீட்டில் எத்தனை பேர் அவன் தோளை நம்பி இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பான். முகவர் பொறு என்பார். பொறுப்பதற்கும் கையில் காசு வேண்டும்.

ஆகவேதான் வெனிசுவேலாக்காரரான சால்வடார் பெரெஸ், வெறும் 39 ஆட்டம் ஆடியிருந்த நிலையில், கேன்சஸ் சிட்டியோடு ஐந்து வருடத்துக்கு 70 லட்சம் டாலருக்குக் கையெழுத்திட்டார். குராசாவோவின் ஆஸி ஆல்பிஸ் 2019இல் ஏழு வருடத்துக்கு 3.5 கோடி. கோடி டாலர் வாங்குகிறவர்களுக்காகக் கண்ணீர் விடச் சொல்லவில்லை. மறுபக்கமும் தெரியும். ஹூஸ்டனின் ஜான் சிங்கிள்டன் 2014இல் மேஜர் லீகில் ஒரு பந்துகூட ஆடாமல் ஒரு கோடி டாலருக்குக் கையெழுத்துப் போட்டார். விலை மலிவு என்று சக வீரர்களே திட்டினார்கள். பிறகு ஆட்டம் கைவிட்டது, பணம் மட்டும் கைவிடவில்லை. அவருக்கு அது வரம். ஜாக்சன் சூரியோவுக்கு மில்வாக்கி, களமிறங்கும் முன்பே எட்டு வருடத்துக்கு 8.2 கோடி கொடுத்தது. அந்தப் பேரம் இரு தரப்புக்கும் நல்லதாகவே படுகிறது. எனவே முன்கூட்டிய ஒப்பந்தமே கூடாது என்று நான் கேட்கவில்லை.

ஆனால் சிங்கிள்டன் கையெழுத்துப் போட்ட மறுநாளே மேஜர் லீகில் இறங்கினார். அதே ஹூஸ்டனில், ஏழு வருடத்துக்கு 2.3 கோடி என்று பேசிய ஒப்பந்தத்தை மறுத்ததாகச் செய்தி வந்த ஜார்ஜ் ஸ்பிரிங்கர், அந்த சீசனைக் கீழேதான் தொடங்கினார். பிறகு டொரான்டோவில் ஆறு வருடத்துக்கு 15 கோடி வாங்கினார் என்பது வேறு கதை. எல்லாரும் ஸ்பிரிங்கர் ஆக முடியாதே.

பாஸ்டனில் 2025 ஏப்ரலில் கிறிஸ்டியன் கேம்ப்பெல்லுக்கு எட்டு வருடம், 6 கோடி. ஜூனில் அவர் வூஸ்டரில், மைனர் லீகில், ஃபர்ஸ்ட் பேஸ் ஆடக் கற்றுக்கொண்டிருந்தார். ஒப்பந்தம் ஒருவரை வளர்த்துவிடாது என்பதற்கு இன்னும் எத்தனை சாட்சி வேண்டும்?

2022 ஒப்பந்தத்தில் இதைச் சரிசெய்துவிட்டோம் என்று நீங்கள் சொல்லக்கூடும். சிறந்த புதுமுகத்துக்கான வாக்கெடுப்பில் முதல் இரண்டு இடம் வந்தால் முழு வருட சர்வீஸ். பால் ஸ்கீன்ஸ் 2024 மே 11 அன்றுதான் வந்தார், அப்படியும் முழு வருடம் கிடைத்தது. நல்ல ஏற்பாடு. ஸ்கீன்ஸ் மாதிரி ஆடுகிறவர்களுக்கு. மற்ற நூற்றுக்கணக்கான பேருக்கு மடை அதே கையில்தான் இருக்கிறது.

உரிமையாளர்களே, உங்கள் தாராள மனசு எங்களுக்குப் புதிதல்ல. 2018இல், 2,232 பக்க பட்ஜெட் மசோதாவுக்குள் ஒரு பிரிவைச் செருகி, மைனர் லீக் ஆட்டக்காரர்களைக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் பாதுகாப்பிலிருந்து வெளியே தள்ளினீர்கள். அதற்கு அமெரிக்காவின் பொழுதுபோக்கைக் காப்பாற்றும் சட்டம் என்று பேரும் வைத்தீர்கள். 2021இல் மைனர் லீக் அணிகளை 160இலிருந்து 120 ஆக்கினீர்கள். காப்பாற்றியது போதும் என்று நினைத்தீர்களோ என்னவோ. மைனர் லீக் ஆட்டக்காரர்கள் போட்ட கூலி வழக்கில் கடைசியில் 18.5 கோடி டாலர் கொடுத்துச் சமாதானம் ஆனீர்கள். வீரர் சங்கத்தாரும் சும்மா சிரிக்க வேண்டாம். மைனர் லீக் பையன்களைச் சங்கத்தில் சேர்க்க உங்களுக்கு 2022 வரை ஆனது. முப்பது வயதுக்காரர் ஒருவரின் ஒப்பந்தத்தில் ஒரு பூஜ்யம் குறைந்தால் எழும் சத்தத்தில் பத்தில் ஒரு பங்கு இவர்களுக்காக எழுந்திருந்தால், இந்த மடலே தேவைப்பட்டிருக்காது.

சரி, கோபத்தில் வழி மாறிவிட்டேன். மன்னிக்கவும், கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

மேஜர் லீகில் இன்னும் ஆடாத ஒருவருக்கு அணி நீண்டகால ஒப்பந்தம் நீட்டினால், அது எழுத்தில் இருக்கட்டும், அன்றே ஆணையர் அலுவலகத்துக்கும் சங்கத்துக்கும் நகல் போகட்டும். அந்தப் பேச்சில் எப்போது மேலே வருவாய் என்ற வார்த்தையே வரக்கூடாது என்று விதி எழுதுங்கள். மறுத்த பிறகு கீழேயே வைக்கப்பட்டதாக ஒருவர் நினைத்தால், பிரையன்ட்டைப் போல ஐந்து வருடம் காத்திருக்க விடாமல், அந்த சீசனுக்குள்ளேயே ஒரு நடுவர் பயிற்சியாளர்களின் அறிக்கையை எடுத்துப் பார்க்கட்டும். அந்த 172 நாள் கணக்கையும், ஒரு நாளில் ஒரு வருடம் போகாதபடி கொஞ்சம் சரித்துக் கட்டுங்கள். இதில் எதுவும் உங்கள் சம்பள உச்சவரம்புச் சண்டையைத் தொடவில்லை, உரிமையாளர்களுக்குப் பெரிய செலவும் இல்லை.

உச்சவரம்பைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடுங்கள், அது உங்கள் தொழில். டிசம்பர் முதல் தேதிக்கு முன்பு, மேலே கூப்பிடும் முடிவு வேறு, ஒப்பந்தப் பேரம் வேறு என்ற இந்த ஒரு பிரிவை மட்டும் இரண்டு தரப்பும் உட்கார்ந்து எழுதிவிடும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பெல்வியூவிலிருந்து ஒரு மாரினர்ஸ் ரசிகன்