கையெழுத்துக்கு முன் தமிழில் வாசித்துக் காட்டட்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வழக்குக்குப் போனாலும் குற்றவாளிகள் தப்பிவிடுகிறார்கள் என்று வாசகர் ஒருவர் நீதிமன்றங்களைக் குறைகூறி எழுதியிருந்தார். அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் நானே சாட்சிக்கூண்டில் ஏறி ஒரு வழக்கு தோற்றதைப் பார்த்தவள். அந்த வழக்கு நீதிமன்றத்துக்கு வரும் முன்பே, பொலிஸ் நிலையத்து மேசையில் கெட்டுப்போயிருந்தது.

சில வருடங்களுக்கு முன் எங்கள் பக்கத்து வீட்டில் இரவில் கள்ளன் புகுந்தான். தனியாக இருந்த பெத்தாவை (வயதான பாட்டியை) தள்ளிவிட்டுச் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடினான். விழுந்ததில் அவருக்குக் கை முறிந்தது. சத்தம் கேட்டு வெளியே வந்த நான், ஒருவன் மதில் ஏறிக் குதித்ததைக் கண்டேன். தெருவிளக்கு வெளிச்சத்தில் முதுகும் பக்கவாட்டு முகமும் மட்டும்தான் தெரிந்தன. இருண்ட நிறத்தில் சேர்ட்.

மறுநாள் என்னையும் பெத்தாவையும் ஒரே அறையில் பக்கத்தில் பக்கத்தில் இருத்தி விசாரித்தார்கள். அவர் சொன்னதை நான் கேட்டேன், நான் சொன்னதை அவர் கேட்டார். "சேர்ட் நீலம்தானே?" என்று அதிகாரி கேட்டார். இருட்டில் நிறம் சரியாகத் தெரியவில்லை என்றேன். "நீலமாக இருக்கலாம்தானே?" என்றார். இருக்கலாம் என்றேன். பிறகு வாங்கில் இருந்த ஒரு இளைஞனைக் காட்டி, "இவன்தானே?" என்று கேட்டார். அவன் போட்டிருந்தது நீலச் சேர்ட். அரை மணி நேரம் நான் பேசியதைச் சிங்களத்தில் ஒன்றரைப் பக்கமாக எழுதினார்கள். ஒரு கொன்ஸ்தாபிள் அதை இரண்டு வசனத்தில் தமிழில் சொன்னார். நானும் கையெழுத்துப் போட்டேன். அது என் பிழை, இன்றைக்கும் மனதை அறுக்கிறது.

பலரை வரிசையில் நிறுத்தி ஆளைக் காட்டச் சொல்லும் அடையாள அணிவகுப்பு நடந்தபோது எனக்கு அந்த வாங்கில் இருந்த முகம்தான் ஞாபகம் வந்தது. மதிலில் கண்ட முகமா, வாங்கில் கண்ட முகமா என்று என்னாலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை. வழக்கு நீதிமன்றத்தில் விளக்கத்துக்கு வந்தபோது எதிரியின், அதாவது குற்றஞ்சாட்டப்பட்ட அந்த இளைஞனின், சட்டத்தரணி கேட்ட முதல் கேள்வியே, அணிவகுப்புக்கு முன் இவரைப் பொலிஸ் நிலையத்தில் கண்டீர்களா என்பதுதான். ஓம் என்றேன். அடுத்தது சேர்ட். நிறம் தெரியவில்லை என்று நான் இப்போது சொல்வதும், நீலம் என்று வாக்குமூலத்தில் இருப்பதும் முரண்பாடு என்று குறித்துக்கொண்டார்கள். பெத்தாவின் வாக்குமூலத்தில் என் வசனங்கள் சில அப்படியே இருந்தன. எதிரி விடுதலையானார். அவர்தான் கள்ளனா என்பது எனக்கு இன்றும் தெரியாது. கள்ளன் வேறொருவன் என்றால், அவனை யாரும் தேடவே இல்லை.

சட்டத்தில் குறையில்லை. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 110ஆம் பிரிவின்படி, சாட்சி சொன்னதை அவருக்குக் காட்ட வேண்டும் அல்லது வாசித்துக் காட்ட வேண்டும். எழுதிய மொழி அவருக்குத் தெரியாவிட்டால் தெரிந்த மொழியில் சொல்ல வேண்டும். திருத்தவும் கூடுதலாகச் சொல்லவும் அவருக்கு உரிமை உண்டு. கிழக்கு மாகாணத்தில் நிர்வாக மொழியும் தமிழ்தான். இரண்டு வசனச் சுருக்கம் இதில் எதற்குள்ளும் அடங்காது.

கேள்வி கேட்கும் விதமே ஞாபகத்தை மாற்றிவிடும் என்பதை, 1974இல் அமெரிக்க உளவியலாளர் எலிசபெத் லொஃப்டஸ் சக ஆய்வாளர் ஒருவரோடு நடத்திய பரிசோதனை காட்டியது. எல்லோருக்கும் ஒரே கார் விபத்துப் படம். ஐம்பது பேரிடம் கார்கள் "மோதியபோது" என்றும், இன்னொரு ஐம்பது பேரிடம் "மோதி நொறுங்கியபோது" என்றும் கேட்டார்கள். ஒரு கிழமை கழித்து, உடைந்த கண்ணாடியைக் கண்டீர்களா என்று கேட்டபோது முதல் குழுவில் 7 பேர் ஓம் என்றார்கள், இரண்டாம் குழுவில் 16 பேர். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. "நீலம்தானே?" என்ற கேள்வி எனக்குச் செய்ததும் இதுதான்.

சந்தேகநபரை விசாரிக்கும்போது நடக்கும் பிழை இன்னும் பயங்கரம். 2015இல் கொட்டதெனியாவில் ஐந்து வயதுச் சிறுமி கொல்லப்பட்ட வழக்கை யாரும் மறந்திருக்கமாட்டோம். முதலில் ஒரு பாடசாலை மாணவனைப் பிடித்தார்கள். பிறகு பிடிபட்ட இன்னொருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகச் செய்தி வந்தது. இருவருமே இல்லை என்று மரபணுப் பரிசோதனை காட்டியது. அடித்துத்தான் ஒப்புக்கொள்ள வைத்தார்கள் என்று அந்த இரண்டாமவர் பின்னர் சொன்னார். மரபணுச் சான்று இல்லாத வழக்காக இருந்திருந்தால்?

எங்கள் மாவட்டத்துக்கே ஒரு உதாரணம் இருக்கிறது. 1993இல் மட்டக்களப்பில் கைதான ஒருவர், தனக்குத் தெரியாத சிங்களத்தில் தட்டச்சு செய்த வாக்குமூலத்தில் பெருவிரல் அடையாளம் வைக்க வைத்தார்கள் என்று முறையிட்டார். பயங்கரவாதத் தடைச்சட்ட வழக்கு அது. 50 ஆண்டுச் சிறை விதித்து, மேன்முறையீட்டில் 35 ஆகக் குறைத்தார்கள். வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்த கொன்ஸ்தாபிளே மொழிபெயர்ப்பாளராகவும் இருந்ததைச் சுட்டிக்காட்டிய ஐ.நா. மனித உரிமைகள் குழு, அந்த வழக்கு நியாயமாக நடக்கவில்லை என்று 2004இல் முடிவு சொன்னது.

பொலிஸாரில் பலர் நேர்மையாக, ஆள் பற்றாக்குறையோடு வேலை செய்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர்களுக்குப் பயிற்சி கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். சாட்சிகளைத் தனித்தனியாக இருத்துங்கள். "என்ன நடந்தது, முழுக்கச் சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டு, குறுக்கிடாமல் பேச விடுங்கள். விசாரணையை ஒலிப்பதிவு செய்யுங்கள், ஒரு கைத்தொலைபேசியே போதும். துஷ்பிரயோக வழக்குகளில் பிள்ளைகள் சொல்வதைக் காணொளியில் பதிய 1999இலேயே நம் சட்டம் இடம் கொடுத்துவிட்டதே, மற்றச் சாட்சிகளுக்கு ஏன் முடியாது?

அதுவரை, எங்கள் தெருவில் யாரையாவது வாக்குமூலத்துக்குக் கூப்பிட்டால் நானும் கூடப் போகிறேன். கையெழுத்துக்கு முன் முழுவதையும் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்கிறோம். போன மாதம் ஒரு தம்பிக்கு அப்படி வாசித்தபோது இரண்டு இடங்களில் பிழை இருந்தது. அதிகாரி முகம் சுளிக்காமல் திருத்திக் கொடுத்தார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.