முதல் கீமோவுக்கு முன்னால், மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நேற்று ராத்திரி போனில் நீ கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மச்சான், மொத்தம் எத்தனை ஊசி?" முடி கொட்டுமா, வாந்தி வருமா என்றெல்லாம் கேட்கவே இல்லை. நம் பர்மாவின் பீலிக்கான் கோவிலில் பூக்குழி இறங்கியவன், கன்னத்தில் அலகு குத்திக்கொண்டவன், ஆஸ்பத்திரி ஊசி என்றால் பயம் என்று சொல்ல உனக்குக் கூச்சம். கூச்சப்பட ஒன்றுமில்லை. ஊசியைக் கண்டதும் சிலருக்கு ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கித் தலை சுற்றும். அது உடம்பு செய்கிற வேலை. தைரியத்துக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. உன்னிடம் கேட்டுக்கொண்டுதான் இதைப் பொதுவில் எழுதுகிறேன். இதே பயத்தை வெளியே சொல்லாமல் வைத்திருக்கிற ஆம்பளைகள் நம்மில் நிறையப் பேர்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். உனக்கு எழுதியிருப்பது இரண்டு வாரத்துக்கு ஒரு கீமோ, மொத்தம் 12. ஒவ்வொரு தடவையும் ரத்தப் பரிசோதனைக்கு ஒரு குத்து, மருந்துக்கு ஒரு குத்து. எல்லாம் முதல் குத்திலேயே சரியாக விழுந்தால் 24.

எனக்கு அப்படி விழவில்லை. எனக்கு மாத்திரை, கூடவே மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஆக்சாலிப்ளாட்டின் என்ற கீமோ மருந்து டிரிப்பில். முதல் இரண்டு தடவையும் கைநரம்பில்தான் ஏற்றினார்கள். மருந்து ஏற ஏற மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நரம்போடு ஓர் எரிச்சல் ஓடும். இரண்டாம் தடவை ஐந்து இடத்தில் குத்திய பிறகுதான் நரம்பு கிடைத்தது. ஐந்தையும் குத்தியவர் ஒருவரேதான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் உன் அக்கா கையைத் தடவிப் பார்த்தாள். தோலுக்கு அடியில் நரம்பு சணல் கயிறு மாதிரி விறைத்துக் கிடந்தது. அதற்கப்புறம்தான் எனக்கு பிக் லைன் வைத்தார்கள், மேல்கை நரம்பு வழியாக இதயத்துக்குப் பக்கம் வரை விடுகிற மெல்லிய குழாய். முதல் நாளே கேட்டிருந்தால் அந்த நரம்புகள் தப்பியிருக்கும். நீயாவது முதல் கீமோவுக்கு முன்னாலேயே இந்தப் பேச்சை எடு.

உன் விஷயத்தில் கைநரம்பு போதாது. உனக்கு ஒரு மருந்து 46 மணி நேரம் தொடர்ந்து ஏற வேண்டும். அதை ஒரு சின்ன பம்ப்பில் மாட்டி வீட்டுக்கு அனுப்புவார்கள். பிளாஸ்டிக் பாட்டிலுக்குள் பலூன் இருக்கிற வகை கிடைத்தால் நல்லது. பலூன் தானாகச் சுருங்கி மருந்தைத் தள்ளும், கரண்ட்டும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம். நம் ஊர் கரண்ட் கட்டுக்கு அதுதான் தோது. இவ்வளவு நேரம் ஏறுகிற மருந்து இதயத்துக்குப் பக்கத்திலுள்ள பெரிய ரத்தக் குழாயில் போய்ச் சேருவதுதான் பத்திரம். அங்கே ஓட்டம் அதிகம், மருந்து உடனே கலந்துவிடும். ஆக, உனக்கு முன்னால் இருப்பது பிக் லைனா, இல்லை குழாயோடு சேர்த்துத் தோலுக்கு அடியிலேயே புதைத்து வைக்கிற போர்ட்டா என்ற கேள்வி.

பிக் லைன் எனக்குப் பழகியது. மேல்கையில் மரத்துப்போக ஒரு ஊசி போட்டார்கள். அப்புறம் வலி இல்லை, அழுத்துகிற உணர்வு மட்டும்தான். ஸ்கேன் திரையில் நரம்பு கறுப்பு வட்டமாகத் தெரிந்தது. கருவியால் அழுத்தினால் அது சப்பையாகிறது, பக்கத்தில் இன்னொரு வட்டம் சப்பையாகாமல் துடிக்கிறது. அது தமனி, அதைத் தொடக்கூடாது என்று ஸயாமா, அதாவது நர்ஸம்மா, காட்டிக்கொடுத்தார். குழாய் உள்ளே போகும்போது முகத்தை அந்தக் கைப்பக்கம் திருப்பி, தாடையைத் தோளில் வைக்கச் சொன்னார், குழாய் கழுத்துப் பக்கம் ஏறிவிடாமல் இருக்க. முனை சரியான இடத்தில் இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு ரத்தம் எடுப்பதும் மருந்து ஏற்றுவதும் அதன் வழியாகவே. நிம்மதி என்றால் அப்படி ஒரு நிம்மதி.

ஆனால் அது வெளியே தொங்குகிற குழாய். வாரத்துக்கு ஒரு முறை கட்டு மாற்றி, உப்புத் தண்ணீரை ஏற்றிக் குழாயைக் கழுவ வேண்டும். நனையவே கூடாது. பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவான சிங்ஞான் அன்று தெருவெல்லாம் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தார்கள், நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் கிடந்தேன். வெயில் காலத்தில் வியர்வையிலேயே கட்டின் ஓரம் கிளம்பிவிடும். அந்தக் கையால் கனமும் தூக்கக்கூடாது. நீ இருப்பது மோல்மீனில், செய்வது அரிசிக் கடை. வாராவாரம் கட்டு மாற்ற அங்கே பழகிய ஸயாமா ஒருவர் கிடைக்காவிட்டால் பிக் லைன் உனக்குச் சரிவராது.

போர்ட் காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில் இருக்கும். சோடா மூடி அளவுதான். அதன் மேல்பக்கம் கெட்டியான சிலிக்கோன் ரப்பர். சாதாரண ஊசி அதில் இறங்கினால் ஒரு துணுக்கைக் கிள்ளி எடுத்துவிடும். இதற்கென்று உள்ள ஹூபர் ஊசியோ விலக்கிக்கொண்டு போகும், எடுத்ததும் துளை மூடிக்கொள்ளும். சின்ன ஆபரேஷன்தான், ஆனால் ஆபரேஷன்தான். செலவு கூட, எடுக்கும்போதும் தையல் உண்டு. காயம் ஆறிவிட்டால் தாராளமாகக் குளிக்கலாம். பயன்படுத்தாத காலத்தில் சுமார் மாதத்துக்கு ஒரு முறை கழுவினால் போதும். குத்து முழுக்கப் போய்விடாது, ஒவ்வொரு கீமோவுக்கும் ஒன்று உண்டு. ஒரு மணி நேரம் முன்னால் மரத்துப்போகும் களிம்பைப் பூசி பிளாஸ்டிக்கால் மூடிக்கொண்டால் அதுவும் லேசுதான். என்னைக் கேட்டால் உனக்குப் போர்ட்தான். டாக்டர் வேறு சொன்னால் ஏன் என்று கேட்டுத் தெரிந்துகொள்.

லைன், பிக்கோ போர்ட்டோ, வைக்கிறவரை கையில்தான் ரத்தம் எடுப்பார்கள். முந்தின நாளே நிறையத் தண்ணீர் குடி. கையைத் தொங்கவிட்டு, வெந்நீர்த் துணியைச் சுற்று, நரம்பு எழும்பும். மயக்கம் வரும்போல இருந்தால் தொடை, வயிறு, மற்றக் கை எல்லாவற்றையும் 10, 15 விநாடி இறுக்கு. முகம் சூடாவது தெரிந்ததும் விடு. அரை நிமிஷம் கழித்து மறுபடியும். குத்துகிற கையை மட்டும் தளர்த்தி வை. குத்துவதற்கு முன்னாலேயே பர்மியில் சொல்லிவிடு: "ஸயாமா, எனக்கு ஊசி பயம், படுத்துக்கொள்கிறேன்." அவர்களுக்கு இது புதிதல்ல. ஒருவர் இரண்டு முறை குத்தியும் கிடைக்காவிட்டால் இன்னொருவரைக் கூப்பிடச் சொல். நான் கேட்காமல் விட்டது இதைத்தான். உனக்கும் ஆக்சாலிப்ளாட்டின் ஆரம்பித்த பிறகு வலி குறைய ஐஸ் வைக்காதே, அந்த மருந்துக்குக் குளிர் ஆகாது.

லைன் வைத்த பிறகு 38 டிகிரி காய்ச்சல், நடுக்கம், கையோ கழுத்தோ வீக்கம், எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதே. ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போ.

பஸ் ஏறும்போது போன் பண்ணு, நான் ஸ்டாண்டில் நிற்பேன். பனியன் மட்டும் கொண்டுவந்துவிடாதே. போர்ட்டுக்கு முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டைதான் வசதி, உன் அக்கா இரண்டு தைத்து வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
உன் மச்சான்
யாங்கூன்