வராத பஸ்ஸை வருகிறது என்று காட்டாதீர்கள்

மறுபடியும் போட்டியிடும் எங்கள் பகுதிப் போக்குவரத்து வாரிய இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். இதை ஆங்கிலத்திலும் உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் பஸ்ஸையே நம்பியிருக்கும் நம் வீட்டுப் பெரியவர்களும் படிக்கட்டும் என்றுதான் தமிழிலும் எழுதுகிறேன்.

உங்கள் தேர்தல் பிரசார அட்டை போன வியாழக்கிழமை தபாலில் வந்தது. நம்பகமான பஸ் சேவைக்காக இன்னும் நான்கு வருஷம் உழைக்க வாய்ப்புக் கேட்டிருந்தீர்கள். அன்று காலை நானும் அம்மாவும் அந்த பஸ்ஸுக்குத்தான் நின்றிருந்தோம்.

அம்மாவுக்கு 74 வயது. கண் டாக்டரிடம் 10.20-க்கு அப்பாயின்ட்மென்ட். எங்கள் நிறுத்தத்தில் ஒரு கம்பமும் அதில் ஒரு எண் பலகையும் உண்டு; பெஞ்ச் இல்லை, நிழலும் இல்லை. போனில் பார்த்தேன், பஸ் வர 12 நிமிடம் என்றது. அப்புறம் 5, அப்புறம் 2. அம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பஸ் கார்டைக் கையில் எடுத்துத் தயாராக நின்றார். அந்த பஸ் திரையிலிருந்து காணாமல் போனது. தெருவில் எதுவும் வரவில்லை. அடுத்தது ஒரு மணி நேரம் கழித்து என்று காட்டியது. முட்டி வலி தாங்காமல் அம்மா நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்கும்போது ஒரு கையை என் தோளிலும் இன்னொரு கையைத் தரையிலும் ஊன்றித்தான் எழுந்தார். டாக்சி பிடித்துப் போயும் நேரம் தாண்டிவிட்டது. மறு தேதி ஐந்து வாரம் தள்ளிக் கொடுத்தார்கள்.

இது ஏன் நடக்கிறது என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். டிரைவர் வர முடியாமல், மாற்று ஆளும் கிடைக்காவிட்டால் அந்த டிரிப் ரத்து. சரி, அது புரிகிறது. ஆனால் ஓடும் பஸ்ஸிலிருந்து ஜி.பி.எஸ். தகவல் வராதபோது ஆப் அட்டவணை நேரத்தையே காட்டிக்கொண்டிருக்கும். ரத்து என்று அலுவலகத்தில் ஒருவர் பதிந்தால்தான் அந்த நேரம் முன்கூட்டியே திரையிலிருந்து போகும். அந்தப் பதிவைச் செய்யாததால்தான் ஒரு கிழவி தெருவோரம் உட்கார வேண்டியதாயிற்று. வராத பஸ்ஸை வருகிறது என்று காட்டாதீர்கள். நான் கேட்பது இது ஒன்றுதான்.

போன வருஷம் வாரியக் கூட்டத்துக்கு வந்து இதையே இரண்டு நிமிடம் பேசினேன். நீங்கள் குறித்துக்கொண்டீர்கள், நன்றியும் சொன்னீர்கள். அதற்குப் பிறகு எத்தனையோ காலைகளில் நான் அதே கம்பத்தடியில் நின்றிருக்கிறேன்.

பணக் கஷ்டம் எனக்கும் தெரியும். கொரோனாவுக்குப் பிறகு ஆபீஸ் போகிற கூட்டம் பழையபடி திரும்பவில்லை. மத்திய அரசு கொடுத்த உதவிப் பணமும் என்றைக்கும் வந்துகொண்டே இருக்காது. ஐந்து கவுன்ட்டிகளில் விற்பனை வரியைக் கூட்டிப் போக்குவரத்துக்குத் தரலாமா என்று 2026 நவம்பரில் மக்களைக் கேட்க கலிபோர்னியா மாநிலத்தின் எஸ்.பி. 63 சட்டம் வழி செய்தது. எங்கள் ஓட்டும் வேண்டும், எங்கள் வரியும் வேண்டும், ஆனால் பஸ் வராது என்ற ஒரு சின்னத் தகவலை மட்டும் எங்களுக்குச் சொல்ல மாட்டீர்களா? இந்த வளைகுடாப் பகுதியில் 27 போக்குவரத்து அமைப்புகள் இருக்கின்றன. ஒன்றின் பஸ்ஸை விட்டால் இன்னொன்றின் ரயிலும் போய்விடும். கார் இல்லாதவர்களின் நேரத்துக்கு மதிப்பே இல்லை என்றுதான் இத்தனை வருஷமாக நடத்துகிறார்கள்.

மன்னிக்கவும், கோபத்தில் எங்கோ போய்விட்டேன். உங்கள் மேல் தனிப்பட்ட வருத்தம் எதுவும் இல்லை. போன தடவை உங்களுக்குத்தான் ஓட்டுப் போட்டேன்.

சக்கர நாற்காலியில் இருந்த ஹரால்ட் வில்சன் என்ற மனிதர் 1960-களில் விடாமல் கேட்டார். அதனால்தான் 1972-இல் இந்தப் பகுதியில் ஓடத் தொடங்கிய பார்ட் ரயிலின் நிலையங்களில் லிஃப்ட் வந்தது. இன்று அம்மா பார்ட்டில் ஏறுகிறார் என்றால் அந்த லிஃப்ட்டால்தான். வில்சன் கேட்டதற்கு எத்தனை செலவு, எத்தனை கட்டுமானம்! நான் கேட்பதற்கு ஒரு பதிவு போதும். காலை ஷிஃப்ட்டில் அந்த வேலைக்கென்று ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். ரத்தான டிரிப்களின் எண்ணிக்கையை மாதாமாதம் கூட்டத்தில் படியுங்கள். வராத பஸ்ஸை வருகிறது என்று காட்டாதீர்கள்.

தேர்தலுக்கு முன் உங்கள் பதிலைத் தயவுசெய்து எழுத்தில் தாருங்கள். அம்மாவின் அடுத்த அப்பாயின்ட்மென்ட் அக்டோபர் 13. காலை 9.10 பஸ்ஸுக்கு அங்கேதான் நிற்போம். அன்று அந்த டிரிப் ஓடாது என்றால், நாங்கள் வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தொகுதி வாக்காளர் ஒருத்தி