புள்ளிகளைவிடக் கவுன்டர் வரிசை முக்கியம்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவில் வாடகைக் கார் எடுப்பது பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரை, நிறுவனங்களை நாள் வாடகையையும் சலுகைப் புள்ளிகளையும் கொண்டே தரம் பிரித்திருந்தது. எப்போதாவது சுற்றுலா செல்பவருக்கு அது போதும். ஆனால், வேலை நிமித்தம் திங்கள்கிழமை விமானம் ஏறி வியாழக்கிழமை இரவு வீடு திரும்பும் என்னைப் போன்றவர்களுக்கு, இறங்கிய பிறகு எவ்வளவு விரைவாகக் காரோடு வெளியேற முடியும் என்பதே முதல் கேள்வி.

கட்டுரை தனித்தனிப் போட்டியாளர்களாகக் காட்டிய பெயர்களில் பெரும்பாலானவை மூன்று குழுமங்களுக்குள் அடங்கிவிடுபவை. நேஷனல், அலாமோ இரண்டும் 2007 முதல் என்டர்பிரைஸ் வசம் உள்ளன. டாலர், த்ரிஃப்டி இரண்டையும் 2012-இல் ஹெர்ட்ஸ் வாங்கியது. ஏவிஸும் பட்ஜெட்டும் ஒரே குழுமம். ஆகவே காரில் பெரிய வேறுபாடு இருக்காது, அதைக் கையில் பெறும் முறையில்தான் இருக்கும்.

நேஷனலின் 'எமரால்டு கிளப்' என்ற உறுப்பினர் திட்டத்தில் சேரக் கட்டணம் இல்லை. நடுத்தர அளவுக் காருக்கு முன்பதிவு செய்த உறுப்பினர், பெரிய விமான நிலையங்களில் கவுன்டர் பக்கமே போகாமல், 'எமரால்டு ஐல்' என்ற பகுதியில் நிற்கும் கார்களில் பிடித்ததை எடுத்துக்கொண்டு, வெளிவாயிலில் ஓட்டுநர் உரிமத்தைக் காட்டிவிட்டுக் கிளம்பலாம். அது பெரிய காராகவே இருந்தாலும் வாடகை நடுத்தரக் காருக்கு உரியதுதான். நள்ளிரவில் இறங்கி, கவுன்டரில் காப்பீடு விற்க முனைபவரிடம் 'வேண்டாம், வேண்டாம்' என்று சொல்லிச் சலித்தவர்களுக்கு இதன் அருமை புரியும். ஆனால் சிறிய விமான நிலையங்களில் இந்த வசதி பெரும்பாலும் இல்லை. சிற்றூர்களுக்குச் செல்பவருக்கு ஊருக்குள்ளேயே கிளை வைத்திருக்கும் என்டர்பிரைஸ் உதவும்; அக்கிளைகள் பல ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும் என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும்.

வாடகைக்கு விமான மைல்களைப் பெறலாம் என்று கட்டுரையாளர் பரிந்துரைக்கிறார். அதைத் தேர்ந்தெடுத்தால் பல நிறுவனங்கள் நாள்தோறும் ஒரு சிறு கூடுதல் கட்டணம் வசூலிப்பதையும், அதே வாடகைக்கு அந்நிறுவனத்தின் இலவச வாடகை நாளுக்கான கணக்கில் வரவு கிடைக்காமல் போவதையும் அவர் குறிப்பிடவில்லை. உயர்நிலை உறுப்பினர் தகுதியைச் சில கிரெடிட் கார்டுகளே இலவசமாக வழங்குகின்றன; அதற்காக வலிந்து வாடகைக்கு எடுக்கத் தேவையில்லை.

கட்டுரை அறவே தொடாத ஒன்று, அலுவலக ஒப்பந்த எண்; அதாவது, வாடகை நிறுவனத்தோடு நம் அலுவலகம் செய்துகொண்ட ஒப்பந்தத்தைக் குறிக்க முன்பதிவின்போது நாம் தரும் எண். பெரும்பாலும் அதுதான் எந்த நிறுவனம் என்பதை நமக்காக முடிவு செய்கிறது. அந்த எண்ணில் விபத்துச் சேதப் பொறுப்பு விலக்கும், அதாவது காருக்கு ஏற்படும் சேதத்துக்கு நாம் பணம் கட்ட வேண்டியதில்லை என்ற பாதுகாப்பும், சேர்ந்திருக்கக்கூடும். ஆனால் அதே எண்ணைக் குடும்பச் சுற்றுலாவுக்குப் பயன்படுத்தினால், அந்தப் பாதுகாப்பு செல்லாமல் போகும் வாய்ப்புண்டு. அடுத்த பகுதியில் இதை விரிவாக எழுதுமாறு கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
டாலஸ்.