கோவா பயணம்: டிக்கெட்டை இன்னொரு முறை பாருங்கள்

நண்பர்களே, வணக்கம். ஜனவரி 24 சனிக்கிழமை கிளம்புகிறோம். கோவாவில் விமான நிலையம் இரண்டு: தெற்கே டபோலிம், குறியீடு ஜிஓஐ. வடக்கே 2023 முதல் இயங்கும் மோபா, ஜிஓஎக்ஸ். நம் அறை தெற்கே, கோல்வாவில். மோபாவில் இறங்கினால் டாக்சியிலேயே பாதி நாள் போகும். போன முறை ஊர் திரும்பும்போது தப்பான நிலையத்தில் பெட்டியோடு நின்றவன் நான்!

1. போக, வர இரண்டு டிக்கெட்டிலும் ஜிஓஐ இருக்கிறதா பாருங்கள்.
2. பவர் பேங்க் கைப்பையில்தான்.
3. டபோலிம் கடற்படைத் தளம். இறங்கும்போது ஜன்னல் வழியாகப் படம், வீடியோ வேண்டாம்.
4. வெளியே வந்ததும் ப்ரீபெய்டு டாக்சி கவுண்டர் அருகே கூடுவோம்.

புதன் இரவு 9 மணிக்குள் உங்கள் குறியீட்டை இங்கே எழுதுங்கள். கட்டைவிரல் மட்டும் போட்டால் கணக்கில் வராது.