‘பிரிஸ்க்’ பற்றிப் பாப்பாவுக்குச் சொல்

குன்னூர்

அன்புள்ள சுந்தரம்,

கடிதம் கிடைத்தது. பாப்பா தேயிலை புரோக்கர் ஆபீசில் சேர்ந்தது நல்ல சேதி. இங்கே மழை விட்டு வெயில் தலைகாட்டுகிறது. கொழுந்து நிறைய வருகிறது; விலைதான் வழக்கம்போல.

சாம்பிள் ரிப்போர்ட்டில் வரும் ‘பிரிஸ்க்’ அவளைக் குழப்புகிறது என்று எழுதியிருந்தாய். அகராதி ‘சுறுசுறுப்பான’ என்கிறது, டீ எப்படிச் சுறுசுறுப்பாகும்? நியாயமான கேள்வி.

வாயில் வைத்ததும் ஈறும் கன்னத்தின் உட்புறமும் லேசாக இறுக, நாக்கு விழித்துக்கொள்கிறதே, அந்தத் துவர்ப்புதான் பிரிஸ்க். ‘ஸ்ட்ராங்’ வேறு. கடுஞ்சாயமாக இறங்கும் டீயும் சப்பென்று இருக்கலாம். அதை ‘சாஃப்ட்’ என்றோ ‘ஃப்ளாட்’ என்றோ எழுதுவார்கள். டீ தயாராகும்போது இலையில் உண்டாகும் தியாஃபிளேவின் என்ற பொருளும் காஃபீனும் சேர்ந்து தருகிற குணம் இது. பெர்மென்டேஷன், அதாவது நசுக்கிய இலையைக் காற்றுப்பட விட்டு நிறம் மாறவைப்பது, நீண்டால் தியாஃபிளேவின் தியாரூபிஜின் என்ற கருஞ்சிவப்புப் பொருளாக மாறும்; நிறம் ஏறும், துடிப்பு போய்விடும். டிரையரில் சூடு போதாமல் இலை மெதுவாகக் காய்ந்தாலும் அதே கதி. சுமார் 3 சதவீத ஈரத்தோடு வெளியே வரும் தூளை மூட்டை கட்டாமல் நம் ஊர் மூடுபனியில் விட்டால், பாக்டரி பட்ட பாடெல்லாம் வீண். பெர்மென்டேஷன் குறைந்தாலும் நாக்கைப் பிடிக்கும், ஆனால் அது பச்சை வாடையோடு வரும் கரகரப்பு. புதியவர்கள் ஏமாறுவது அங்கேதான்.

வீட்டிலேயே பழகலாம். 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் தூள், மூடி வைத்து 6 நிமிடம். பால், சர்க்கரை வேண்டாம். புதுத் தூள் ஒரு கப், ஈரம் ஏறிய பழைய தூள் ஒரு கப், அடுத்தடுத்து உறிஞ்சிப் பார்க்கட்டும்.

ஆபீசுக்கு வெளியே இந்தச் சொல் அதிகம் ஒட்டுவது நடையோடுதான். டாக்டர் ‘பிரிஸ்க் வாக்’ என்றால், பேச முடியும், பாட முடியாது என்கிற வேகம். நம் மேட்டில் மெதுவாக ஏறினாலே மூச்சு வாங்கும், அது கணக்கில் வராது! சில்லென்று உறைக்கும் காலைக் காற்றுக்கும் சொல்லலாம். ஆளுக்குச் சொல்லும்போது கவனம்: பாராட்டாக நினைத்து எழுதினாலும், வெடுக்கென்று பேசி ஆளை அனுப்பிவிடுகிறவர் என்று தொனிக்கக்கூடும். ஏல ரிப்போர்ட்டில் டிமாண்ட் பிரிஸ்க், விற்பனை பிரிஸ்க் என்று எழுதட்டும். விலையை மட்டும் அப்படி எழுத வேண்டாம், விலை இறங்காமல் நின்றால் அதற்கு ‘ஃபர்ம்’ இருக்கிறது.

தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ராமு