மறதிக்கு ஒரு ரத்தப் பரிசோதனை

ஐயா,

கல்லிடைக்குறிச்சியில் தபால்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்த வீட்டில் யார் என்பது எனக்கு அத்துப்படி. என் மனைவிக்கோ மூன்று வருஷம் முன்பு அப்பளம் எண்ணிக் கட்டுவதில் தடுமாற்றம் வந்தது. சொதிக்கு இரண்டு முறை உப்பு போட்டாள். அப்புறம் ஒருநாள் ஆற்றில் குளித்துவிட்டு வந்தவள், தெருமுனையிலேயே நின்று, "நம்ம வீடு எங்கன இருக்கு?" என்றாள்.

முதலில் காட்டிய டாக்டர், வயசானால் அப்படித்தான் என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். இரண்டு வருஷம் வீணாகப் போனது. பிறகுதான் அல்சைமர் என்ற மறதி நோய் என்று தெரிந்தது. மூளையில் அமிலாய்டு என்ற புரதம் செல்களுக்கு வெளியே திட்டுத் திட்டாகப் படிகிறது. டௌ என்ற இன்னொன்று உள்ளே நூல்கண்டு மாதிரி சிக்கிக்கொள்கிறது. அறிகுறி தெரிவதற்குப் பல வருஷம் முன்பே இது தொடங்கிவிடுமாம்.

2023-இல் அமெரிக்கா அனுமதித்த லெக்கனெமாப் ஊசி அமிலாய்டு படிவை அகற்றும். குணமாக்காது; ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்குச் சரிவை ஓரளவு மெதுவாக்கும், அவ்வளவுதான். மூளையில் வீக்கம், ரத்தக்கசிவு வரலாம் என்பதால் அடிக்கடி ஸ்கேன் வேறு.

எனக்கு ஊசியைவிடச் சோதனைதான் முக்கியமாகப் படுகிறது. முதுகில் குத்தி நீர் எடுக்காமல், ரத்தத்திலேயே இந்தப் புரதங்களை அளக்கும் சோதனைக்கு 2025-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. தைராய்டு, பி12 குறைவாலும் மறதி வரும். அதையும் சேர்த்தே பார்த்துவிடலாம். பாளையங்கோட்டை அரசு ஆஸ்பத்திரியில் வாரம் ஒருநாளை மறதிக்கென்றே ஒதுக்கி, இந்த ரத்தச் சோதனையையும் கொண்டுவந்தால் அம்பை, பாபநாசம் பக்கத்துக்காரர்கள் பஸ் ஏறி வந்துவிடுவோம். என் மனைவிக்கு இது காலம் கடந்த கோரிக்கைதான்.

– ஓய்வுபெற்ற தபால்காரர், கல்லிடைக்குறிச்சி